டியூபுக்குள்ள இருக்கறது பாசிதானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, போன வருஷம் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல அலைஞ்சு ஒவ்வொண்ணா வாங்கி என் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் லூப் (சூட்டை எடுக்க தண்ணி சுத்தி ஓடற அமைப்பு) போட்டேன். சிபியு, கிராபிக்ஸ் கார்டு ரெண்டுக்கும் பிளாக் (சிப் சூட்டை தண்ணிக்கு கொடுக்கற உலோகக் கட்டி), தண்ணியை ஆற வைக்க 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், உள்ள ஓடறது தெரியற சாஃப்ட் டியூப். தண்ணி வீட்டு ஆர்ஓ தண்ணிதான், பச்சை கலர் கொஞ்சம் கலந்தேன். இப்போ டியூபுக்குள்ள வெள்ளையா பிசுபிசுன்னு படிஞ்சிருக்கு, ரிசர்வாயர்ல (தண்ணி நிக்கற சின்ன டேங்க்) ஜன்னல் பக்கம் பச்சையா பிடிச்சிருக்கு, கேம் ஆடும்போது 65 டிகிரில நின்ன சிபியு 88 வரைக்கும் போகுது, கிராபிக்ஸ் கார்டு பழைய மாதிரியேதான் இருக்கு. எல்லாம் பாசிதான், ப்ளீச்சிங் ஊத்தி ஒருநாள் ஓடவிடுன்னு ரூம்மேட் சொல்றான். ஊத்தலாமா? (வாசகர், ஈஜிபுரா, பெங்களூரு)

பதில்: ஊத்தாதீங்க தம்பி. ப்ளீச்சிங்ல இருக்கற குளோரின் செம்பையும் நிக்கல் பூச்சையும் அரிக்கும், பாசி செத்தாலும் செத்தது உள்ளயேதான் சுத்தும், கடைசியில பிளாக்லதான் போய் அடைக்கும். எதையும் ஊத்தறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறது என்னன்னு பாக்கணும், ஏன்னா நீங்க எழுதியிருக்கறதுல ரெண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கு.

பச்சை முதல்ல. பாசிக்கு வெளிச்சம் வேணும். மொட்டை மாடி தண்ணி டேங்க்கை கறுப்பா பண்றதுக்கு ஒரு காரணமே இதுதான், உள்ள வெளிச்சம் போகலைன்னா பாசி வளராது. உங்க ரிசர்வாயர்ல ஜன்னல் பக்கம் மட்டும் பிடிச்சிருக்குன்னா, தொட்டா வழுக்குதுன்னா அது பாசியாத்தான் இருக்கும். அதே பச்சை, கொஞ்சம் நீலம் கலந்து ஃபிட்டிங் ஓரத்துல, செம்பு தெரியற இடத்துல பிடிச்சிருந்தா அது பாசி இல்ல, களிம்பு. பழைய செம்பு குடத்துல பார்த்திருப்பீங்களே அதேதான், அதுக்கு பாசி மருந்து எத்தனை சொட்டு விட்டாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க வேற பச்சை கலர் கலந்திருக்கீங்க, அந்த சாயமும் நாளாக நாளாக பிரிஞ்சு படியும், அதனால டிஷ்யூ பேப்பர்ல தொட்டு எடுத்துப் பாருங்க, வெறும் கலரா ஒட்டுதா இல்ல கொழகொழன்னு வருதான்னு.

இப்போ அந்த வெள்ளை. நம்ம ஊர்ல எதுல வெள்ளையா படிஞ்சாலும் உப்புத்தண்ணின்னு சொல்லிடுவோம், போர்வெல் தண்ணியும் டேங்கர் தண்ணியும் பழகினவங்களுக்கு அப்படித்தான் தோணும், இட்லி பானை அடியில வெள்ளையா பிடிக்கிறதை தினமும் பாக்கறோம் இல்லையா. ஆனா இட்லி பானையில தினமும் புதுத் தண்ணி ஊத்தி கொதிக்க வைக்கிறோம், உப்பு சேர்ந்துக்கிட்டே போகுது. லூப்ல இருக்கறது மொத்தமே ஒரு லிட்டர் சுத்துப்பட்டு. ஆர்ஓ தண்ணி டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 80ன்னு வச்சுக்கிட்டா லிட்டருக்கு 80 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட தேறாது, அது ஒரு வருஷத்துல டியூப் முழுக்க பூசற அளவுக்கு வராது. ஆர்ஓ தண்ணி சரின்னு சொல்ல வரலை, அதுல மிச்சமிருக்கற குளோரைடு மெதுவா உலோகத்தை அரிக்கும், அதனால அது வேண்டாம்தான், ஆனா உங்க வெள்ளைக்கு அது காரணம் இல்லைன்னு நினைக்கிறேன்.

பிசுபிசுன்னு இருக்குன்னு நீங்க எழுதினதுதான் எனக்கு துப்பு. சாஃப்ட் டியூப் பெரும்பாலும் பிவிசி, பிவிசி இயல்பா விறைப்பா இருக்கற பொருள், அது வளையறதுக்காக பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒண்ணை கலக்கறாங்க. சூடான தண்ணி மாசக்கணக்கா ஓட ஓட அது கசிஞ்சு வெளிய வந்து, டியூப் சுவர்ல படிஞ்சு, அப்புறம் நேரா சிபியு பிளாக்குக்குள்ள போகும். அங்க துடுப்பு துடுப்பா செதுக்கியிருக்கறதுக்கு நடுவுல அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது, ஒரு வடிகட்டி மாதிரி எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும். கிராபிக்ஸ் கார்டு சரியா இருந்து சிபியு மட்டும் ஏறுறதுக்கு இது நல்லா பொருந்துது. ஒரு சோதனை பண்ணுங்க, சிபியு 88ல இருக்கும்போது ரேடியேட்டரை தொட்டுப் பாருங்க, லேசா வெதுவெதுன்னு மட்டும் இருந்தா சிபியு சூடு தண்ணிக்கே போகலைன்னு அர்த்தம், பிளாக் அடைச்சிருக்கு, இல்லைன்னா சிபியுவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல தடவற பேஸ்ட் காஞ்சிருக்கு. ரேடியேட்டரே கொதிக்குதுன்னா அதோட வெளிப்பக்கம் தூசி அடைச்சிருக்கு, ரோடு வேலை நடக்கற தெருவுல இருந்தா மாசம் ஒரு தடவை ஊதி விடணும்.

என் முதல் லூப்ல இதே வெள்ளையைப் பார்த்து பாசின்னு நினைச்சு ரெண்டு மாசம் பயோசைடு (பாசி மருந்து) மேல பயோசைடா விட்டேன், கடைசியில பிளாக்கைத் திறந்தா குளிர்ல உறைஞ்ச நெய் மாதிரி அப்பிக்கிட்டு இருந்துச்சு, அந்த ரெண்டு மாசமும் பாவம் அந்த பம்ப் அதை தள்ளிக்கிட்டு கிடந்திருக்கு. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

பண்ண வேண்டியது இதுதான். ஒரு ஞாயித்துக்கிழமையை ஒதுக்கி முழுசா வடிச்சிடுங்க. பிளாக்கை கழட்டும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் ஃபோட்டோ எடுங்க, உள்ள இருக்கற சின்ன தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு அப்புறம் ஞாபகம் வராது, ஓ-ரிங் பள்ளத்துல சரியா உக்காரலைன்னா ஒழுகும். பழைய மென்மையான டூத் பிரஷ், பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு, துடுப்பு போற திசையிலயே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா வளைஞ்சிடும். வெறும் செம்பா இருந்து கறுத்திருந்தா வினிகர்ல தண்ணி கலந்து அஞ்சு பத்து நிமிஷம் வைக்கலாம், நிக்கல் பூசினதுன்னா வினிகர் பக்கமே போகாதீங்க. அக்ரிலிக் ரிசர்வாயர்ல ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, முடி மாதிரி விரிசல் விடும். ரேடியேட்டருக்குள்ள சுடுதண்ணி ஊத்தி நல்லா குலுக்கி கொட்டுங்க, கலங்கல் இல்லாம வர்ற வரைக்கும், கடைசி ரெண்டு தடவை மட்டும் டிஸ்டில்ட் தண்ணி. அந்த டியூபை கழுவி திருப்பிப் போடாதீங்க, தூக்கிடுங்க. ஈபிடிஎம் டியூப்னு கறுப்பு ரப்பர்ல வருது, அதுல இந்தக் கசிவு இல்ல, வெளிச்சமும் உள்ள போகாது. அழகா இருக்காதுங்கறது உண்மைதான், கண்ணுக்குத் தெரியணும்னா அக்ரிலிக்ல ஹார்ட் டியூப் போடுங்க, அதுலயும் பிளாஸ்டிசைசர் தொல்லை இல்ல.

திருப்பி நிரப்பறப்போ டிஸ்டில்ட் தண்ணியில, பாசி மருந்தும் துரு தடுப்பும் சேர்ந்து வர்ற கான்சென்ட்ரேட்டை பாட்டில்ல போட்டிருக்கற அளவுல கலந்தா போதும். கலர் வேண்டாம், பால் மாதிரி வர்ற பேஸ்டல் வகை கண்டிப்பா வேண்டாம், அதுல மிதக்கற துகள்தான் அந்த நிறமே, அது படியத்தான் செய்யும். பாசி மருந்துல சிலது மயில்துத்தம்தான், அதுக்காக உரக்கடையில வாங்கி கண் அளவுல போடறதெல்லாம் கூடாது. பிசியை ஜன்னல் வெயில்ல இருந்து நகர்த்துங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரிசர்வாயரை டார்ச் அடிச்சுப் பாருங்க, வருஷம் ஒரு தடவை தண்ணி மாத்துங்க.

கேள்வி: என்னோடது கடையில ரெடியா வர்ற ஏஐஓ கூலர் (பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து மூடி வர்றது) சார், மூணு வருஷம் ஆச்சு. ஆன் பண்ணா களகளன்னு சத்தம். திறந்து தண்ணி மாத்தலாமா? (வாசகி, கே.ஆர். புரம்)

பதில்: திறக்காதீங்கம்மா. டியூப் வழியா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஆவியா போயி காத்து சேர்ந்திருக்கும், அந்தக் காத்து பம்புக்குள்ள போகும்போது வர்ற சத்தம் அது. பம்ப் எப்பவும் லூப்லயே உயரமான இடமா இருக்கக்கூடாது, ரேடியேட்டர் மேல்முனை அதைவிட மேல இருக்கணும், அப்படி மாத்தி வச்சுப் பாருங்க. சத்தத்தோட டெம்பரேச்சரும் ஏறுதுன்னா உள்ள அடைச்சிருக்கு, வாரன்ட்டி இருக்கான்னு பில்லை தேடுங்க.

கேள்வி: அலுமினியம் ரேடியேட்டர் மலிவா கிடைச்சுது, பிளாக் செம்பு. பாசி வராம இருக்க உள்ள வெள்ளிக் கம்பி போடலாமா, இல்ல கார் கூலன்ட் ஊத்தலாமா? (வாசகர், சிவாஜிநகர்)

பதில்: வெள்ளி வேண்டாங்க, அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணியில இருந்தாலே பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் கரையும், வெள்ளி சேர்ந்தா இன்னும் மோசம். கார் கூலன்ட்ல துரு தடுப்பு இருக்கு, அதனால அரிப்பு தள்ளிப்போகும், நிக்காது. அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், விஷம், வீட்ல குழந்தையோ நாயோ பூனையோ இருந்தா அந்தப் பேச்சே வேண்டாம். ரேடியேட்டரை திருப்பிக் கொடுத்துட்டு செம்பு, பித்தளையில வாங்குங்க, கடைக்காரர் எதுவா இருந்தா என்னன்னு சொன்னா பாக்ஸ்ல என்ன உலோகம்னு போட்டிருக்கறதை காட்டச் சொல்லுங்க.