ஸ்டாக் குறைந்தால் கணக்குப் பார்ப்பவர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தேவிபட்டினம். ராமநாதபுரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இரண்டு வருடமாக இன்வென்ட்ரி அனலிஸ்டாக இருக்கிறேன். தொண்டி, கீழக்கரை, ராமேஸ்வரம் கிளைகளின் ஸ்டாக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். தொண்டிக் கிளையில் ஸ்டாக் எடுத்தபோது 1,80,000 ரூபாய்ச் சரக்கு குறைந்தது. நான் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்லி, என் 22,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு மாதமாக 8,000 ரூபாய் பிடிக்கிறார்கள். பொறுப்பேற்றுக் கடிதம் எழுதித் தராவிட்டால் போலீஸுக்குப் போவார்களாம். என் டிகிரி சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு எதிராக அவர்கள் கையில் கிடைக்கப்போகும் முதல் ஆதாரமே அதுதான். கட்டாயப்படுத்தினால், ‘இதை நான் ஏற்கவில்லை’ என்று அன்றைக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

சரி, பிடித்தத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 18ஆம் பிரிவு, சரக்கு இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சரக்கு ஊழியரின் காவலில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பும் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். தொண்டிக் கடைச் சாவி உங்களிடம் இருந்ததா? சரக்கை இறக்கி வாங்கிக் கையெழுத்துப் போட்டது நீங்களா? நீங்கள் பார்த்தது கணக்கு. சரக்கு வேறொருவர் காவலில் இருந்தது. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தவிர, 21ஆம் பிரிவுப்படி விளக்கம் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கவில்லையே என்று எச்.ஆர். சொல்லலாம். அந்த 50 சதவீத வரம்பு சட்டப்படியான பிடித்தங்களுக்குத்தான். தவறான பிடித்தம் வரம்புக்குள் இருப்பதால் சரியாகிவிடாது.

இன்னொன்று, சிஸ்டத்தில் இருக்கும் ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கும் ஸ்டாக்கும் ஒத்துப்போகவில்லை என்பதாலேயே திருட்டு என்று ஆகாது. குடோனிலிருந்து வண்டி ஏறாத சரக்குக்கு, கிளைக்கு அனுப்பியதாக டிரான்ஸ்பர் என்ட்ரி விழுந்திருக்கலாம். எக்ஸ்பைரி ஆகித் திருப்பி அனுப்பியது பதிவாகாமல் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் ஃப்ரீசர் சரக்கைக் கொட்டியிருப்பார்கள், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வேறு பொருளின் கோடு எண்ணில் பில் போட்டாலும் ஒரு பொருள் குறையும், இன்னொன்று கூடும். இதையெல்லாம் சரிபார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வித்தியாசம் இருக்கிறது என்று நீங்கள் முன்பு அனுப்பிய மெயில்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். கம்பெனி டேட்டா முழுவதையும் பென் டிரைவில் எடுத்துவிடாதீர்கள், அதுவே தனிப் புகாராகிவிடும்.

போலீஸ் பயம் வேண்டாம். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி என்று ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(4)இன் கீழ் புகார் கொடுத்தாலும், பொருள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும் நீங்கள் நேர்மையற்ற எண்ணத்தோடு அதை எடுத்துக்கொண்டதையும் காட்டியாக வேண்டும். கணக்குப் பார்க்கத் தாமதமானது அந்தக் குற்றம் ஆகாது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வழக்கறிஞரோடு போங்கள்.

வேலையை விட்டு நிறுத்தினால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 41ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. முறைகேடு என்றால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.

சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. அதையும் பிடித்த 16,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரே கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. பிடித்தது சரிதான் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்தான். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குக் கூப்பிடுங்கள். போகும்போது பணி நியமன ஆணையையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.