எச்-இன்டெக்ஸ் 14-ஆ, 9-ஆ?

வணக்கம். கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்து ஆய்வாளருக்குத் தரப்படும் எண்ணான எச்-இன்டெக்ஸ், கூகுள் ஸ்காலர் என்ற மேற்கோள் தேடுதளத்தில் 14, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 9 என்று வருவதால், விண்ணப்பத்தில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொய்யல்ல. ஸ்காலர் ஆய்வேடுகளிலும், இதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளிலும் வரும் மேற்கோள்களையும் எண்ணிக்கொள்ளும். ஸ்கோபஸோ, தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகள் போன்றவற்றில் வரும் மேற்கோள்களை மட்டுமே எண்ணும். இரண்டையும் எழுதுங்கள், பக்கத்திலேயே எடுத்த தேதியையும் குறிப்பிடுங்கள்.

அதற்கு முன், ஸ்கோபஸில் உங்கள் பெயரை முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றித் தேடிப் பாருங்கள். என் கட்டுரைகள் இரண்டு ஆசிரியர் பக்கங்களாகப் பிரிந்து கிடந்தன. ஒன்றாக்கக் கோரியதும் எண் உயர்ந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணையும் இணைத்துவிடுங்கள்.

‘தோல் மருத்துவத்தில் 9 குறைவா?’ என்ற கவலைதான் என்னை உறுத்தியது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த இந்த அளவுகோலின்படி, 9 என்றால் ஒன்பது கட்டுரைகள் தலா ஒன்பது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன, அவ்வளவே. அவற்றில் ஒன்று முந்நூறு முறை எடுத்தாளப்பட்டாலும் எண் நகராது. நம் துறையில் நோயாளி விவர அறிக்கைகள் ஏராளம். அரிய கொப்புள நோய் ஒன்றைப் படத்தோடு பதிவுசெய்தால் மருத்துவர்கள் படித்துப் பயனடைவார்கள், ஆனால் மேற்கோள் அதிகம் சேராது. மாறாக, 1994-இல் ஃபின்லே, கான் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட பத்தே கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தர வினாத்தாளை இன்றும் சொரியாசிஸ் ஆய்வுகள் எடுத்தாள்கின்றன. எனவே உங்கள் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வுக்குழுவில் விவரம் அறிந்தவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.