முன்பல் ஆடும்போது கிளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன், சொத்தைப் பல் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வருடமாக மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுகிறது. ஒரு பல் லேசாக ஆடுகிறது, வலி இல்லை. கிளிப் போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போது கிளிப் வேண்டாம். பல்லைத் தாங்குவது வெளியே தெரியும் ஈறு அல்ல, உள்ளே இருக்கும் எலும்பு. அது கரைந்தால் பல் பிடி தளர்ந்து, நாக்கும் உதடும் தள்ளுகிற பக்கம் நகரும். பெரும்பாலும் வலிக்காது. அந்த நிலையில் கிளிப் மாட்டி இழுத்தால் மிச்ச எலும்பும் போய்விடும்.

ஒழுங்காகத் துலக்கியும் ஏன் என்று கேட்பீர்கள். இளவயதில் வரும் ஒருவகை ஈறு நோயில் பல்லில் காரை (கெட்டியான அழுக்கு) அதிகம் படியாது, வாய் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். முன்பற்களையும், ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பற்களையும்தான் அது முக்கியமாகப் பிடிக்கும். சுத்தமான வாயைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது குடும்பத்தில் ஓடும். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் பரிசோதனை அவசியம். அந்தப் பல்லில் எப்போதாவது அடிபட்டிருந்தால் கதை வேறு, அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தயவுசெய்து ரப்பர் பேண்ட் மாட்டிப் பல் இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள். வீடியோ பார்த்து அப்படிச் செய்த ஒரு கல்லூரி மாணவி என்னிடம் வந்தாள். பேண்ட் காணாமல் போனதும் கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அது ஈறுக்குள் வழுக்கி ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியவில்லை. ஈறைத் திறந்தபோது வேர் நுனிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இரண்டு பல்லையும் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த ஆபத்து, கிளினிக்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கமிஷன் ஏஜென்ட். "ஆடும் பல்லைப் பிடுங்கி இன்றே இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்), மாதத் தவணை" என்பார். சொந்தப் பல்லை அவசரப்பட்டு விடாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல இடங்களில் பிடுங்குவதற்குத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள். ஈறைப் பொறுமையாக அளந்து பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எத்தனை வருடம்தான் இதையே சொல்வது!

ஈறு நிபுணரிடம் போங்கள். பெரியோடான்டிஸ்ட் என்று கேட்டால் தெரியும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறு இடுக்கை அளப்பார்கள். 3 மி.மீ. வரை சாதாரணம், 5, 6 என்றால் எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்தாக வேண்டும். கூடவே சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிகிச்சை என்பது ஈறுக்கு உள்ளே ஆழமாகச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக், சிறு அறுவை சிகிச்சை. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயப்படாதீர்கள். ஈறு ஆறி, நோய் அடங்கியது உறுதியான பிறகு கிளிப்பைப் பற்றிப் பேசலாம். அதற்குச் சில மாதங்கள் ஆகும்.