ஸ்பினலா, டாஃபைட்டா?

அன்புள்ள ஐயா,

அரிய கனிமங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில்தான் டாஃபைட் என்ற பெயரை முதலில் பார்த்தேன். என்னிடம் வெளிர் ஊதா நிறத்தில் சிறிய கல் ஒன்று இருக்கிறது, நகையில் பதிக்காத கல். ஸ்பினல் என்ற ரத்தினக்கல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் டாஃபைட்டின் படங்களைப் பார்த்தால் அச்சு அசல் இதே மாதிரி இருக்கிறது. குவார்ட்ஸில் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். சரிதானா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? பெரிலியம், மெக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன், அதில் இருப்பது இவ்வளவுதானே, அப்புறம் ஏன் அவ்வளவு அரிது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், தயவுசெய்து கீறிப் பார்க்காதீர்கள். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஸ்பினல் 8, டாஃபைட் 8 முதல் 8.5 வரை. இரண்டுமே குவார்ட்ஸைக் கீறும், அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, பட்டையின் ஓரம் சிதைந்தால் அதுதான் மிச்சம். நிறத்தையும் நம்பாதீர்கள். வெளிர் ஊதா, இளஞ்சிவப்பு, நிறமே இல்லாதது என்று இரண்டிலும் எல்லாம் உண்டு. ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) இரண்டுக்கும் 3.6-ஐ ஒட்டியே வரும். ஒளிவிலகல் எண் (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பது) ஸ்பினலுக்கு 1.718, டாஃபைட்டுக்கு 1.72-ஐச் சுற்றி. இப்படி எல்லா எண்களும் ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான் 1945 வரை இப்படி ஒரு கனிமம் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அதுவரை கிடைத்தவை ஸ்பினல் என்ற பெயரிலேயே கைமாறிக்கொண்டிருந்திருக்கும்.

கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் டாஃப், டப்ளினில் வாழ்ந்த ரத்தினவியலாளர். (இவருடைய தாத்தா ஆஸ்திரியாவின் பிரதமராக இருந்தவர். கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது.) நகைக்கடைக்காரர் ஒருவரிடம் பழைய கற்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெளிர் ஊதாக் கல் ஒன்று, 1.419 காரட். எல்லா விதத்திலும் ஸ்பினல் போலவே இருந்தது, ஆனால் நுண்ணோக்கியில் அதன் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் லேசாக இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் இது நடக்கவே கூடாது. ஸ்பினலின் படிகம் கனசதுர ஒழுங்கு கொண்டது, உள்ளே போகும் ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒரே கதிராகவே போகும். டாஃபைட்டின் படிகம் அறுகோண ஒழுங்கு கொண்டது, ஒளியை இரண்டாகப் பிரித்துவிடும்.

அவர் அந்தக் கல்லை லண்டனில் இருந்த ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு, அங்கே இருந்த ரத்தினவியலாளர் ஆண்டர்சனுக்கு அனுப்பினார். வேதிப் பகுப்பாய்வு செய்ய வேண்டுமென்றால் கல்லில் ஒரு பகுதியை இழந்தே ஆக வேண்டும், உலகில் தெரிந்த ஒரே கல் அதுதான், ஆனாலும் வெட்டினார்கள். அந்தத் துளியை வைத்துக்கொண்டு கனிமவியலாளர் மேக்ஸ் ஹே செய்த பகுப்பாய்வில்தான் பெரிலியமும் மெக்னீசியமும் சேர்ந்து இருப்பது தெரிய வந்தது. இரண்டுமே இன்றியமையாத கூறுகளாக உள்ள ஒரு கனிமம் அதற்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை. 1951-ல் அதை முறையாக விவரித்து வெளியிட்டார்கள். இடையில், 1949-ல், லண்டனிலேயே இரண்டாவது கல்லும் அகப்பட்டிருந்தது. வழக்கமாகப் பாறையிலோ சுரங்கத்திலோதான் புதுக் கனிமத்தைக் கண்டுபிடிப்பார்கள். பட்டை தீட்டி முடித்த கல்லாக முதலில் கண்டறியப்பட்டது இதுதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது டாஃப் அந்த ஒரு சின்ன முரண்பாட்டை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டதுதான். மற்ற எல்லாச் சோதனையும் ஸ்பினல் என்று சொல்லும்போது, விளிம்பு கொஞ்சம் இரட்டையாகத் தெரிகிறது என்பதற்காக எத்தனை பேர் நிறுத்தி யோசித்திருப்பார்கள்?

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியதும் அதேதான். கல்லைச் சுத்தமாகத் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக, மேல் தளத்திலிருந்து அடிப்புற விளிம்புகளைப் பாருங்கள். ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், ஏனென்றால் டாஃபைட்டிலும் ஒளியச்சு என்ற ஒரு திசை வழியாகப் பார்த்தால் பிரிவு தெரியாது, அதனால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பல பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும். டாஃபைட்டுக்குள் பிரியும் இரண்டு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 0.004 அளவுதான் என்பதால் சிறிய கல்லில் பிரிவு மிக மெல்லியதாக இருக்கும், பத்து மடங்கில் பிடிபடாமலும் போகலாம். விளிம்பு தெளிவாக இரட்டித்தால் அது ஸ்பினல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதனாலேயே டாஃபைட் ஆகிவிடாது, ஊதா நிறத்தில் இரட்டை ஒளிவிலகல் உள்ள கற்கள் வேறு நிறைய உண்டு, அமெதிஸ்ட் உட்பட. போலரிஸ்கோப் (இரட்டை ஒளிவிலகல் உள்ள கல்லைத் திருப்பும்போது ஒளிர்ந்து காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: உள் இறுக்கம் காரணமாகச் சில ஸ்பினல்கள் அதில் பொய்யாகக் கொஞ்சம் ஒளிரும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது.

ஏன் அரிது என்று கேட்டீர்களே, எனக்கு இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அலுக்காது. பெரிலியமே அரிய தனிமம். நட்சத்திரங்களுக்குள் அது நிலைக்காது, அங்கே இருக்கும் வெப்பத்தில் அழிந்துவிடும். நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் காஸ்மிக் கதிர்கள் விண்வெளியில் கார்பன், ஆக்சிஜன் அணுக்களை மோதி உடைத்ததால் உண்டானது. பூமியில் இந்தக் கொஞ்சமும் கிரானைட் குழம்பின் கடைசித் திரவங்களில் போய்ச் சேரும். மெக்னீசியமோ பூமியில் ஏராளம், ஆனால் அது அதிகமாக இருப்பது டோலமைட் மாதிரி வேறு வகைப் பாறைகளில். இரண்டும் சந்திக்க வேண்டுமென்றால் கிரானைட்டின் திரவம் அப்படி ஒரு பாறைக்குள் ஊடுருவ வேண்டும். சந்தித்தாலும் போதாது. அங்கே சிலிக்கா தாராளமாக இருந்தால் பெரிலியம் அதோடு சேர்ந்து பெரில் ஆகிவிடும், மரகதமும் அந்தக் குடும்பம்தான். அதனால் பெரிலியம் இருக்க வேண்டும், மெக்னீசியமும் அலுமினியமும் இருக்க வேண்டும், சிலிக்கா பற்றாக்குறையாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில். உங்கள் கேள்வியில் நான்கு தனிமங்கள்தானே என்றீர்கள், அந்த நான்கு மட்டும் போதுமான அளவில் கூடுவதுதான் கடினம்.

ஸ்பினலோடு இவ்வளவு ஒற்றுமை வந்ததற்கும் காரணம் உண்டு. டாஃபைட்டின் படிகத்தில் ஸ்பினலில் உள்ள அதே மாதிரி அணு அடுக்குகளும், பெரிலியம் ஏறிய வேறு வகை அடுக்குகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. பாதி உடம்பு ஸ்பினல் என்றே சொல்லலாம்.

நகைத்தரமான கற்கள் அதிகம் கிடைத்திருப்பது இலங்கையின் ஆற்றுச் சரளைப் படிவுகளில், மியான்மரின் மோகோக்கிலும் தான்சானியாவின் துண்டுருவிலும் கொஞ்சம். பாறை சிதைந்து போனாலும் கடினமும் கனமும் உள்ள கற்கள் சரளையில் தங்கிவிடும், அங்கே நீலக்கல்லோடும் ஸ்பினலோடும் கலந்து கிடப்பதால் பிரித்தறிவது இன்னும் சிரமம்.

உங்கள் கல்லில் விளிம்பு இரட்டித்தால் நல்ல ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஒளிவிலகல் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் ராமன் நிறமாலைச் சோதனையும் (லேசர் ஒளி கல்லில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது) செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் மஸ்கிரவைட் என்று இன்னொன்று இருக்கிறது, 1967-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரில் கண்டுபிடித்தது, அதே தனிமங்கள், அவற்றின் விகிதமும் அடுக்கும் முறையும் வேறு. சாதாரணக் கருவிகளால் அந்த இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. டாஃபைட் என்று சான்றிதழ் வந்தாலும், எந்தச் சோதனையை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.