மேட்டை மூடும் முன் தண்ணீரில் பங்கு

கேள்வி: எங்கள் ஊரில் நீர்வடிப்பகுதித் திட்டம் தொடங்கப் போகிறது. சரிவில் இருக்கும் பொது மேய்ச்சல் நிலத்தில் அகழி வெட்டி, கன்று நட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேய்ச்சலை நிறுத்தச் சொல்கிறார்கள். கீழே கிணறு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு முழுச் சம்மதம். நிலமில்லாமல் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் மறுக்கின்றன. குழுச் செயலாளராக இருக்கும் நான் அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மறுப்பவர்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மழைநீரை மேட்டிலேயே நிறுத்தினால் அது மண்ணுக்குள் இறங்கிப் பள்ளத்துக் கிணறுகளில் ஊறும். மேய்ச்சலை இழப்பவர் ஒருவர், இரண்டாம் போகம் எடுப்பவர் இன்னொருவர். இதைச் சரிசெய்யாமல் விழிப்புணர்வுக் கூட்டம் எத்தனை போட்டாலும் பயனில்லை. முதல் கோடையிலேயே ராத்திரியோடு ராத்திரியாக ஆடுகள் உள்ளே போய்விடும்.

இதற்குத் தீர்வு கண்ட ஊர் ஹரியானாவில் இருக்கிறது, பெயர் சுகோமாஜ்ரி. சண்டிகரின் சுக்னா ஏரி 1970களில் வண்டலால் தூர்ந்துகொண்டே வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள், இந்த ஊர் ஆடுகள் மேய்ந்து மொட்டையான, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளின் சரிவுகளில் போய் நின்றார்கள். மண்வளப் பாதுகாப்பு அறிவியலாளர் பி.ஆர். மிஸ்ராவின் முயற்சியில் அங்கே சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. தேங்கிய தண்ணீரில் நிலம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் குடும்பங்களுக்கும் சம பங்கு. நிலமில்லாதவர் தன் பங்கைத் தேவைப்படுபவருக்கு விற்கலாம். அப்புறம் சரிவுக்கு வேலியும் காவலும் தேவைப்படவில்லை. அணை தூர்ந்தால் தன் பங்கும் போகும் என்பதால் ஊரே காவல் காத்தது. சரிவில் கயிறு திரிக்க உதவும் பாபர் புல் திரும்ப வந்தது. காலப்போக்கில் ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின.

உங்கள் ஊரில் அணைத் தண்ணீர் இல்லாமல் நிலத்தடி நீர்தான் கூடும் என்றால், பங்கு பிரிப்பது கொஞ்சம் சிக்கல். கிணற்று நீரை அளந்து விற்கச் சொல்வது நடைமுறையில் கடினம். அதற்குப் பதிலாக, கூடுதல் போகம் எடுப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தொகையோ தீவனமோ பொது நிதிக்குத் தரலாம். மூடிய நிலத்தில் வளரும் புல்லை அறுத்து எடுத்துச்செல்லும் உரிமை ஆடு வளர்ப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். குட்டையில் மீன் வளர்க்கும் உரிமையையும் நிலமில்லாத குடும்பங்களின் குழுவுக்கே கொடுக்கலாம். இதையெல்லாம் அகழி வெட்டும் முன்பே எழுதி, ஊர்க்கூட்டத்தில் படித்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். தண்ணீர் ஊறிய பிறகு யாரும் பங்கு பேச வரமாட்டார்கள்.

சரிவு முழுவதையும் ஒரே நேரத்தில் மூடவும் வேண்டாம். மூன்று துண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மூடுங்கள். எல்லையை ஆடு மேய்ப்பவர்களே நடந்து காட்டட்டும், வெயில் நேரத்து நிழலும் ஆடு தண்ணீர் குடிக்கும் இடமும் அவர்களுக்குத்தான் தெரியும். கன்றின் நுனி ஆட்டுக்கு எட்டாத உயரம் போனதும் அந்தத் துண்டைத் திறந்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். புல் அவ்வளவு காலம் எடுக்காது. மூடிய பிறகு வரும் முதல் மழையிலேயே அறுப்புக்கு ஏதாவது கிடைக்கும். எதிர்ப்பவர்களிடம் பேச அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொரு ஆபத்தை எந்தத் திட்ட அறிக்கையும் அழுத்திச் சொல்வதில்லை. தண்ணீர் ஏறியது தெரிந்ததும் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், ஏறிய நீர் சில ஆண்டுகளில் இறங்கிவிடும். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் என்ற ஊர் இதை முன்கூட்டியே யோசித்தது. 1989 முதல் பொபட்ராவ் பவார் தலைமையில் மழைநீர் சேமிப்பு வேலைகளோடு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்றும் ஊர் கட்டுப்பாடு போட்டது. ஒவ்வொரு ஆண்டும் பெய்த மழையைப் பார்த்துத்தான் பயிரை முடிவு செய்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். மழையைத் தண்ணீர்க் கணக்காக மாற்றுவது எளிது: ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். அதில் ஒரு பகுதிதான் நிலத்துக்குள் இறங்கும், மீதி ஆவியாகும் அல்லது ஓடிவிடும். எனவே மழைமானியோடு நாலைந்து கிணறுகளையும் கண்காணிக்க வேண்டும். கயிற்றில் கல் கட்டி இறக்கி, தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து, பொதுச்சுவரில் எழுதுங்கள். அளக்கும் வேலையை ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கீழே எவ்வளவு ஏறியது என்று அவர்களுக்கே தெரிந்தால், பருவத் தொகையைக் கேட்டு வாங்க உங்கள் உதவிகூடத் தேவைப்படாது.