28,000 ரூபாய் வேலையை விட்டு எம்.பி.ஏ. சேரலாமா?

கேள்வி: வயது 26. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கையில் 28,000 வாங்குகிறேன். தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. சீட் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு 10 லட்சம், முழுக்கக் கல்விக் கடன்தான். சராசரி பேக்கேஜ் 8 லட்சம் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: முதலில் அந்தச் 'சராசரி'யைப் பார்ப்போம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 4 லட்சம், ஒருவருக்கு மட்டும் 40 லட்சம் என்றால் சராசரி 7.6 லட்சம் வரும். நோட்டீஸில் அச்சடிக்க அழகான எண். அதனால் சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வேலையே கிடைக்காதவர்களையும் அந்த வரிசையில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம் கடன். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 5 லட்சமாக வாங்கிய கடன் மூன்றாம் வருட முடிவில் சுமார் 12.75 லட்சமாகி நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 17,500. ஆக, புது வேலையில் கைக்கு 45,500 வந்தால்தான் இன்றிருக்கும் நிலையிலேயே இருப்பீர்கள். இரண்டு வருடச் சம்பளம் 6.72 லட்சம் போனது தனிக்கணக்கு.

5 லட்சம் பேக்கேஜ் கிடைத்தால்? பி.எஃப். போன்ற பிடித்தமெல்லாம் போக மாதம் 37,000 போல வரும். தவணை கட்டியபின் மிஞ்சுவது 19,500. இப்போது வாங்குவதைவிடக் குறைவு!

இன்னொன்று, கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் அடமானம் கேட்கும். அது அப்பாவின் வீட்டுப் பத்திரமாகத்தான் இருக்கும். கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே என்பார்கள். புதிய வரி முறையில் அது கிடையாது.

இந்தக் கட்டணத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். வேலையில் இருந்துகொண்டே, தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுங்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் இதில் ஒரு சிறு பங்குதான், கணக்கே மாறிவிடும். இந்தக் கல்லூரிதான் என்று மனம் அடம்பிடித்தால், முன்பணம் கட்டுமுன் போன வருடம் படித்து முடித்த மூன்று பேரை நீங்களே லிங்க்ட்இன்னில் தேடிப் பிடியுங்கள். கல்லூரி கைகாட்டும் ஆட்கள் வேண்டாம். முதல் மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் கேளுங்கள்.