முதலில் சேம்பரைத் திறவுங்கள்

கேள்வி: மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீடு. 24 அடி அகலம், 110 அடி நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீடு ஒட்டியே இருக்கிறது. மாடியில் இரண்டு அறை உண்டு. அப்பாவுக்குப் பிறகு எனக்கும் இரண்டு தம்பிகளுக்கும் பங்கு. விற்க மனசில்லை. வாடகைக்கு இடம் இருக்கிறதா என்று வாரத்துக்கு நாலு பேராவது வாசலில் வந்து கேட்கிறார்கள். நாலு போர்ஷனாகத் தடுக்கலாம், முற்றத்துக்கு மேல் தளம் போட்டால் ஐந்தே வரும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (வாசகி, சென்னை-4)

பதில்: ஐந்து வேண்டாம் அம்மா. நாலும் நெருக்கடிதான். மூன்று என்றால் பேசலாம்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஒண்டுக்குடித்தனத்தில். ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய், கொல்லையில் இரண்டு கக்கூஸ். அப்பா ஆபீசுக்குப் போக எட்டு மணி என்றால், ஐந்தரைக்கே துண்டும் வாளியுமாக நிற்பார். அந்த வீட்டில் படுக்க இடம் இருந்தது, குளிக்கத்தான் இல்லை. அதனால் வீட்டைப் பிரிக்கிறேன் என்று யார் வந்தாலும் சுவரைப் பற்றி அப்புறம் பேசுவேன். கழிவுநீர் எந்த வழியாகப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

அந்தக் காலத்தில் கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் கட்டினார்கள். இப்போது சாக்கடைக் குழாய் ஓடுவது உங்கள் வாசல் தெருவில். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பது வழக்கம். 100 அடிக்கு இரண்டரை அடி! தெருச் சாக்கடை அதைவிட ஆழத்தில் இருந்தால்தான் தண்ணீர் ஓடும். இன்னொரு தலைவலியும் உண்டு. ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. உங்கள் வாசற்படியில் எத்தனை மண்ணுக்குள் போயின என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், மழையில் மேன்ஹோல் நிரம்பும்போது சாக்கடை தெருவில் வழிவதற்கு முன்பே உங்கள் கழிப்பறையில் எட்டிப் பார்க்கும். புது பாத்ரூம்களைச் சிதறவிடாமல், கூடியவரை வாசல் பக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டச் சொல்வது இதனால்தான்.

முற்றத்தை மூடவே கூடாது. பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லாத வீட்டில் நடு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் வர வேண்டும். முன்கட்டு ஒன்று, பின்கட்டு ஒன்று, மாடி ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். முன்கட்டுக்குத் தெருவும் முற்றமும், பின்கட்டுக்கு முற்றமும் கொல்லையும் கிடைத்துவிடும். வாசலிலிருந்து உள்ளே போகும் நடையான ரேழி எல்லோருக்கும் பொதுவழியாக இருக்கட்டும்.

மாடியில் கவனம். பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால், மர உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தி வைத்துப் போட்ட தளம். உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் பட்டால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தளத்தின் மேல் பாத்ரூம் கட்ட நானே சம்மதித்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் கூப்பிட்டனுப்பினார்கள். உத்தரத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் பிடி வரை இறங்கியது. அடுத்த வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! மாடிக்கு பாத்ரூம் வேண்டுமானால் தரையிலிருந்து தனியாகக் கான்கிரீட் தூண் எழுப்பி, கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே கட்டுங்கள். மாடியில் செங்கல் தடுப்பும் வேண்டாம், அந்த உத்தரம் தாங்காது. இலேசான போர்டு போதும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுகிறேன் என்பார்கள், விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்.

காகித வேலை: மூவரும் பாகம் பிரித்துக்கொள்வதானால் பத்திரமாக எழுதிப் பதிந்துவிடுங்கள். மாற்றங்களுக்கு மாநகராட்சியில் அனுமதி வேண்டுமா என்று கடப்பாரையை எடுக்கும் முன்பே கேளுங்கள். தனி மீட்டர் வேண்டுமென்றால் தடுப்பும் வாசலும் வயரிங்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். குடிவருபவரோடு வாய்ப்பேச்சு போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

இந்த வாரம் வாசல் சேம்பரை, அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெருவுக்குப் போகும் முன் வந்து சேரும் மூடி போட்ட தொட்டியைத் திறந்து, வீட்டுத் தரையிலிருந்து குழாய் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கொல்லைக் கழிப்பறை இருக்கலாமா, இடிக்கணுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.